திரவச் சேதம்

டோக்கன் எழுபத்து நான்கு.
ஜெபசெல்வி என்று பட்டை குத்திய பெண்
என் போனின் முதுகைத் திறந்து
உருப்பெருக்கியில் காட்டுகிறாள்:
அரிசிமணியில் பாதி அளவு
ஒரு ஸ்டிக்கர்.
வெள்ளையாக இருக்க வேண்டுமாம்.
இளஞ்சிவப்பாக இருக்கிறது.

"தண்ணி போயிருக்கு சார்.
வாரண்டி வராது."

கீழே போட்டதில்லை என்றேன்.
மழையில் எடுத்ததில்லை என்றேன்.
பாத்ரூமுக்குக் கொண்டுபோகிறவன் இல்லை என்று
கொஞ்சம் பொய்யும் சொன்னேன்.

"அப்போ எப்படி சார் கலர் மாறும்?"

எப்படி மாறும்.
மே மாதம் சைதாப்பேட்டை சிக்னலில்
நூற்று இருபது நொடி
சட்டைப் பைக்குள் நின்று பார்த்திருக்கிறதா
அந்த ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தவரின் போன்?
இந்த ஊரில் காற்றே பாதி தண்ணீர்.
கடலுக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி
வேளச்சேரியில் மூன்றாம் மாடியில்
என் கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடிக்கிறது.
உப்பு ஜாடி தானாக அழுகிறது.
அதற்கெல்லாம் வாரண்டி கேட்டேனா?

விளம்பரத்தில் இதே போனை
மீன்தொட்டிக்குள் போட்டார்கள்.
ஒன்றரை மீட்டர், முப்பது நிமிடம்.
வியர்வைக்கு எத்தனை மீட்டர் என்று
எங்கும் எழுதவில்லை.

ஹெட்போன் ஓட்டையை அடைத்தபோது
தண்ணீர் நுழையாமலிருக்க என்றார்கள்.
அடைத்தார்கள். நுழைந்துவிட்டது.
சார்ஜரைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது
பூமியைக் காப்பாற்ற என்றார்கள்.
ஆயிரத்து எண்ணூறு கொடுத்துத் தனியே வாங்கினேன்.
அது இன்னொரு பெட்டியில் வந்தது.

எண்பது சதவீதத்துக்கு மேல்
சார்ஜ் ஏற்றாதவன் நான்.
நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து
பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல்
தொட்டுப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறேன்.
சுகந்தியின் போன்
விடிய விடியத் தலையணைக்கடியில் செருகிக் கிடக்கும்,
நூறு சதவீதம், நான்கு வருடம்,
ஒரு மூலை உடைந்து.
இன்னும் ஓடுகிறது.
என் கேபிள் இழுப்பறைக்கு அவள் வைத்த பெயர்
பாம்புப் பெட்டி.

ஆபீசில் யார் போன் வாங்கினாலும்
என்னிடம்தான் கேட்பார்கள்.
தணிகாசலத்துக்காக மூன்று இரவு உட்கார்ந்து
பேட்டரி, திரை, சிப், எத்தனை வருடம் அப்டேட் என்று
அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.
மச்சான் கடையில் மீந்திருந்த
வயலெட் கலர் ஒன்றோடு வந்து
"கேமரா நல்லா இருக்குல்ல?" என்றான்.
நன்றாக இருந்தது.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

"போர்டு மாத்தணும் சார்,
பதினெட்டாயிரத்து நானூறு."
ஜெபசெல்வி மேல் கோபமில்லை.
அவள் நெற்றியிலும் வியர்வை;
ஏசி வாடிக்கையாளர் பக்கம் மட்டும்தான் வீசுகிறது.
கையெழுத்து போட்டு வாங்கிக்கொண்டேன்,
திறந்து மூடிய என் போனை.

ரிச்சி தெரு. படிக்கட்டுக்கடியில்
இம்தியாஸின் ஒன்றரை ஆள் கடை.
நான்கு நிமிடம்.
"போர்டுக்கு ஒண்ணும் இல்லண்ணே,
சார்ஜிங் ஸ்ட்ரிப் போயிடுச்சு. அறுநூறு."
திரை எரிந்தது.
பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டான்:
"வெள்ளை ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டித் தரவா?
இருபது ரூபாய்தான்."
ஒரு தாள் நிறைய வைத்திருந்தான்,
பொட்டு அட்டை மாதிரி.

ஒட்ட வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்காதீர்கள்,
எனக்கும் சில கொள்கைகள் உண்டு.
ஆனால் ஒன்றை வாங்கி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் ரயில் ஏறினேன்.
அன்றைக்குத்தான் புது மாடல் அறிமுகம்.
பார்க்கக் கூடாது என்றிருந்தேன்;
மயிலாப்பூர் வரை தாக்குப்பிடித்தேன்.
மேடையில் நின்றவர்
ஆறு மீட்டர் ஆழம் என்றார். கைதட்டினார்கள்.
எங்கே நடக்கிறதோ அந்த மேடை,
அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

பைக்குள் விரலை விட்டு
ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தேன்.
இளஞ்சிவப்பு.